பறிக்கும்போது பளிச்சென்று இருக்கும் மாங்காய் பழுத்ததும் ஏன் கறுக்கிறது? இயற்கையான பூசணத் தடுப்பில் எது நிஜமாகவே வேலை செய்யும்?

பர்கூர் மாந்தோப்பு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கம் எங்கள் தோப்பு. பாதி பங்கனபள்ளி, மீதி செந்தூரா, வேலியோரம் கொஞ்சம் இமாம்பசந்த். மண்டிக்கு அனுப்புவதைக் குறைத்துக்கொண்டு பெங்களூரில் இருக்கும் குடும்பங்களுக்கு நேராகப் பெட்டி போட்டு அனுப்ப ஆரம்பித்திருக்கிறோம். ரசாயனப் பூசணக்கொல்லி படாத பழம் என்று சொல்லித்தான் விற்கிறோம், சொன்னபடிதான் நடக்கிறோம்.

பிரச்சினை என்னவென்றால், பறிக்கும்போது காயில் ஒரு பொட்டுகூட இருப்பதில்லை. பெட்டியில் அடுக்கும்போதும் பார்க்கிறோம், சுத்தமாக இருக்கிறது. வாங்கியவர் வீட்டில் போய்ப் பழுத்து மஞ்சள் ஏறும்போதுதான் தோலில் சின்னச் சின்னக் கரும்புள்ளி கிளம்புகிறது, இரண்டு நாளில் அது ஒன்றோடொன்று சேர்ந்து குழி விழுந்து உள்சதை வரைக்கும் போய்விடுகிறது. சில பழங்களில் காம்பிலிருந்து கீழே வரிவரியாகக் கறை இறங்கியிருக்கிறது. பூக்கும் சமயத்தில் மேகமூட்டமும் மழையும் இருந்த வருடத்தில் இது ரொம்ப அதிகம்.

கேட்ட இடத்தில் எல்லாம் ஒவ்வொரு யோசனை. வேப்பெண்ணெய் அடி என்கிறார்கள், இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் என்கிறார்கள், பறித்த காயை மஞ்சள் தண்ணீரில் முக்கு, பெட்டிக்குள் ஓமத் தைலம் தெளி என்றும் சொல்கிறார்கள். ஒரு மருந்துக் கடையில் மூலிகை பூசணக்கொல்லி என்று ஒரு பாட்டில் கொடுத்தார்கள், அதில் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை, விலை மட்டும் பெரிதாக இருந்தது, பலன் எதுவும் தெரியவில்லை. இதில் எதில் சரக்கு இருக்கிறது, எது வெறும் பேச்சு? விவரம் தெரிந்தவர்கள் காரணத்தோடு சொன்னால் நன்றாக இருக்கும். செய்முறை மட்டும் போதாது, ஏன் என்பதும் வேண்டும்.


இலைப்புள்ளி எழுதியது:

நீங்கள் சொல்லும் அடையாளம் அப்படியே ஆந்த்ராக்னோஸ். கொலட்டோட்ரைக்கம் என்ற பூசணம். காம்பிலிருந்து இறங்கும் வரிக்கறை, மழைத்தண்ணீர் காம்பில் பட்டு வழியும்போது பூசணத்தின் வித்துகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருவதால் விழுவது. இதைத் தோலின் மேல் கரி பூசியது போலப் படியும் கரும்பூசணத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது தத்துப்பூச்சி விடும் தேன் போன்ற கழிவின் மேல் வளர்வது, ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், அதற்கு மைதாக் கஞ்சி தெளித்துக் காயவிட்டாலே உரிந்து விழும். உங்களுடையது துடைத்தால் போகாது, ஏனென்றால் அது தோலுக்குள் இருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயம். அந்தப் புள்ளி பெங்களூரில் வந்ததில்லை. பூவிலும் பிஞ்சிலும் இருக்கும்போதே பூசணம் உங்கள் தோப்பில் ஏறிவிட்டது. வித்து ஈரத்தில் முளைத்து, பிஞ்சின் தோலில் ஒட்டிக்கொள்ள ஒரு கருத்த உறுப்பை உண்டாக்கி, மெழுகுப் படலத்துக்கு அடியில் அப்படியே அசையாமல் உட்கார்ந்துவிடுகிறது. மாதக்கணக்கில் உட்காரும். பசுங்காயை அதனால் தின்ன முடியாது. ஏன் முடியாது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

மாங்காய்த் தோலிலேயே பூசணத்தைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. ரிசார்சினால் என்ற வகைச் சேர்மங்கள். சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் வெந்துபோகிறதே, முந்திரிக்கொட்டைத் தோட்டெண்ணெய் கையைப் புண்ணாக்குகிறதே, மாவும் அதே குடும்பம்தான், இந்த ரிசார்சினால்கள் அவற்றுக்கு உறவுக்காரப் பொருள்கள். மாங்காய்த் தோலைக் கடித்தால் சிலருக்கு உதடு வெடிப்பதும் இவற்றால்தான். பசுங்காய்த் தோலில் இவை நிறைய இருக்கும். காய் பழுக்கப் பழுக்கக் குறைந்துகொண்டே போகும். ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் உட்கார்ந்திருந்த பூசணம் எழுந்து வேலையைத் தொடங்கிவிடும். இஸ்ரேலின் வோல்கானி ஆய்வு மையத்தில் 1980-களில் மாவிலும் வெண்ணெய்ப்பழத்திலும் இதை விரிவாகப் பார்த்திருக்கிறார்கள். வெண்ணெய்ப்பழத்தில் அந்தத் தடுப்புப் பொருள் வேறு, ஆனால் கதை அதேதான்: காயில் அதிகம், பழத்தில் குறைவு, குறைந்த கையோடு நோய்.

அத்தோடு முடியவில்லை. பழுக்கும்போது காய் எத்திலீன் வாயு விடும் அல்லவா, அந்த எத்திலீனையே கொலட்டோட்ரைக்கம் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. 1994-ல் அமெரிக்காவில் ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதைக் காட்டினார்கள். பழம் தயாராகிவிட்டது என்ற செய்தி நமக்குப் போகும் முன்பே பூசணத்துக்குப் போய்விடுகிறது.

ஆக, புள்ளி வந்த பிறகு எந்த இயற்கைப் பொருளைத் தடவினாலும் பயன் இல்லை, ரசாயனத்தைத் தடவினாலும் இல்லை. இரண்டு இடத்தில்தான் கை வைக்க முடியும். ஒன்று, பூவிலும் பிஞ்சிலும் ஒட்டவிடாமல் தடுப்பது. இன்னொன்று, பறித்த உடனே, அது எழும் முன்பே அடிப்பது. மஞ்சள் தண்ணீர், ஓமம் எல்லாம் இந்த இரண்டில் எங்கே பொருந்துகிறது என்று கேட்டுப் பாருங்கள், பாதி யோசனைகள் தானாகவே கழன்றுவிடும்.


கறுத்தக்கொழும்பான் எழுதியது:

வணக்கம் அண்ணை. நான் யாழ்ப்பாணம், பேராதனையில் விவசாயம் படித்தேன். மேலே சொன்னதோடு ஒரு விஷயத்தைச் சேர்க்க வேணும், அது மாம்பால்.

மாங்காயைக் காம்பு முறிய ஆய்ந்தால் பீறிட்டு வருமே, அந்தப் பால். எங்கள் பக்கத்திலும் அதைக் கழிவாகத்தான் பார்ப்பார்கள், கொட்டிவிட்டுக் காயைக் கழுவுவதுதான் வழக்கம். ஆனால் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இந்தப் பாலை வருடக்கணக்காக ஆராய்ந்திருக்கிறார்கள். சற்று நேரம் வைத்தால் அது இரண்டாகப் பிரியும், மேலே எண்ணெய் போல ஒரு பகுதி, கீழே தண்ணீர் போல ஒரு பகுதி. எண்ணெய்ப் பகுதியில் இலைப்புள்ளி அண்ணை சொன்ன ரிசார்சினால்கள் இருக்கின்றன. தண்ணீர்ப் பகுதியில் கைட்டினேஸ் என்ற நொதி இருக்கிறது. பூசணத்தின் உடற்சுவர் கைட்டின் என்ற பொருளால் ஆனது, இந்த நொதி அதையே கரைக்கும். கொலட்டோட்ரைக்க வித்தை அந்தப் பாலில் போட்டால் அது சிதைந்துபோகும்.

காயின் தோலுக்குள் முழுக்கப் பால் ஓடும் குழாய்கள் இருக்கின்றன. பாலை வடிய விட்டுப் பழுக்க வைத்த காயையும், பால் உள்ளேயே நிற்கும்படி பார்த்துப் பழுக்க வைத்த காயையும் ஒப்பிட்டால், பால் நின்ற காயில் ஆந்த்ராக்னோசும் காம்பழுகலும் குறைவாக இருந்தது. தோலில் இன்னொரு பொருளும் உண்டு, காலோடானின், அதுதான் பசுங்காய்க்கு அந்தத் துவர்ப்பைக் கொடுப்பதில் ஒன்று. எது எவ்வளவு இருக்கும் என்பது வகைக்கு வகை மாறும். ஒரே தோப்பில் ஒரு வகை கறுத்துப்போக இன்னொரு வகை அப்படியே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளியில் இருந்து இயற்கை மருந்து தேட முதல், காய்க்குள்ளேயே இருக்கிற மருந்தை நாங்கள் நிலத்தில் கொட்டாமல் இருக்கப் பார்க்க வேணும் என்பதுதான் என் கருத்து.


பர்கூர் மாந்தோப்பு எழுதியது:

இலைப்புள்ளி அண்ணா, கறுத்தக்கொழும்பான் சகோ, இரண்டு பேருக்கும் நன்றி. இதை யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. ஆனால் ஒரு சந்தேகம். பால் தோலில் பட்டால் காய் கருகிப்போகிறது, அந்தக் கறைக்கு மண்டியிலேயே விலை குறைப்பார்கள். அதனால்தான் எல்லாரும் காயைக் கவிழ்த்துப் பாலை வடிக்கிறோம். வைத்தாலும் கறை, வடித்தாலும் நோய் என்றால் என்ன செய்வது?


கறுத்தக்கொழும்பான் எழுதியது:

இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் இல்லை அண்ணை. பால் பீறிடுவது, காம்பு காயோடு சேரும் முட்டியில் ஒடிந்தால்தான். அந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒன்றிரண்டு சென்டிமீட்டராவது காம்பு நிற்கும்படி கத்தரியால் வெட்டினால் வேகமாகப் பீறிடாது, துளி கசிந்து அப்படியே உறைந்துவிடும். தோலைச் சுடுவது எண்ணெய்ப் பகுதியில் இருக்கிற டெர்பீன்கள், அவை அந்த முதல் பீச்சலில்தான் அதிகம். எனவே உலுக்கி விழுத்துவதையும் கொக்கத்தடியால் இழுப்பதையும் விட்டுவிட்டு, வெட்டும் கத்தியும் கீழே வலைப்பையும் உள்ள தடியால் ஆயுங்கள். பெட்டியில் அடுக்கும்போது காம்பு பக்கத்துக் காயைக் குத்தாமல் ஏதாவது இடையில் வைக்க வேணும், ஏனென்றால் குத்துப்பட்ட இடம் பூசணத்துக்குக் கதவு திறந்து வைத்த மாதிரி.


நத்தம் தோட்டம் எழுதியது:

தம்பி, நான் திண்டுக்கல் மாவட்டம் நத்தம். எங்கள் பக்கமும் மாதான். ஆய்வு எல்லாம் மேலே சொல்லிவிட்டார்கள், தோப்பில் என்ன செய்வது என்பதை நான் சொல்கிறேன்.

முதலில் கவாத்து. இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, பாட்டிலில் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்பார்கள். வித்து வருவதே காய்ந்த குச்சியிலிருந்தும், போன வருடம் மரத்திலேயே தொங்கிக் கருகிப்போன பூங்கொத்து, பிஞ்சிலிருந்தும்தான். மழைத்துளி அதன்மேல் விழுந்து தெறித்துப் பூவுக்குப் போகிறது. அறுவடை முடிந்ததும் காய்ந்ததை எல்லாம் வெட்டி எடுத்துத் தோப்புக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். நடுமரத்தில் வெயிலும் காற்றும் இறங்கும்படி உள்கிளையைத் திறந்துவிடுங்கள். இலையும் பூவும் சீக்கிரம் காய்ந்தால் வித்து முளைக்க நேரம் கிடைக்காது. இதைச் செய்யாமல் எந்தக் கரைசலை அடித்தாலும் காசு தண்டம்.

அப்புறம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மாவுக்கென்றே எஃப்பி 7 என்ற சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் வகையைப் பரிந்துரைக்கிறது. லிட்டருக்கு 5 கிராம், அக்டோபரில் ஆரம்பித்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பூங்கொத்துகள் நனையும்படி. இந்தப் பாக்டீரியா தானே பூசணத்தைக் கொல்லும் பொருள்களை விடும், அதோடு மரத்தையும் உசுப்பிவிடும், மரம் தன் கைட்டினேஸ் போன்ற நொதிகளைக் கூட்டிக்கொள்ளும். கறுத்தக்கொழும்பான் தம்பி சொன்ன அதே நொதிதான். சூடோமோனாசோடு கைட்டின் சேர்த்து அடித்தபோது தனியாக அடித்ததைவிட நோய் குறைந்ததாகக் கோவையில் செய்த ஆய்வு இருக்கிறது. கைட்டின் என்பது இறால், நண்டு ஓட்டில் இருப்பது.

இதில் கவனிக்க வேண்டியது, சூடோமோனாஸ் உயிர். பொட்டலத்தில் தயாரிப்புத் தேதி பார்க்காமல் வாங்கக் கூடாது, வெயிலில் கிடந்த பொட்டலம் வேண்டாம். சாயங்காலம்தான் அடிக்க வேண்டும். தாமிரம் கலந்த எதையும், போர்டோ கலவை உட்பட, ஒரே டேங்கில் சேர்க்கக் கூடாது, முன்பின் சில நாள் இடைவெளியும் வேண்டும், தாமிரம் இதைக் கொன்றுவிடும். பலன் இல்லை என்று சொல்பவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் இதில் ஏதாவது ஒன்று நடந்திருக்கும்.

வேப்பெண்ணெய் பற்றிக் கேட்டீர்கள். வேம்பில் பேர்போன அசாடிராக்டின் பூச்சிக்குத்தான், பூசணத்துக்கு அதை நம்ப வேண்டாம். எண்ணெய்ப் படலம் சாம்பல் நோய்க்கு ஓரளவு கேட்கும். தத்துப்பூச்சி குறைந்தால் கரும்பூசணமும் குறையும். ஆந்த்ராக்னோசுக்கு அதுவே போதும் என்று இருந்துவிடாதீர்கள். பூ முழுக்க விரிந்திருக்கும்போது அடிக்கவும் வேண்டாம், மாம்பூவுக்கு மகரந்தம் கொண்டுவருவது ஈக்களும் தேனீக்களும்தான். கந்தகம் அடித்திருந்தால் அடுத்த இரண்டு வாரத்துக்கு எண்ணெய் எதுவும் கூடாது, இலையும் பிஞ்சும் கருகும்.

இமாம்பசந்துக்கு மட்டும் காகிதப் பை கட்டிப் பாருங்கள் தம்பி. காய் எலுமிச்சை அளவைத் தாண்டியதும் கட்டினால் மழைத்துளி தெறித்து வருவதும் நிற்கும், பழ ஈயும் உட்காராது. கூலி ஆகும்தான், ஆனால் இமாம்பசந்து விலைக்குக் கட்டுப்படியாகும்.


எலுமிச்சைப்புல் எழுதியது:

நான் வாசனை எண்ணெய் வடிக்கும் தொழிலில் இருக்கிறேன். ஓமத் தைலம் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

ஓமத்தில் இருப்பது தைமால். கிராம்பில் யூஜினால். பட்டையில் சின்னமால்டிஹைடு. எலுமிச்சைப்புல்லில் சிட்ரால். வெற்றிலையின் காரமும் யூஜினால், சவிக்கால் வகைப் பொருள்களால்தான். இவை எல்லாமே பூசணத்தின் செல் சவ்வைச் சிதைக்கும், சோதனைக் கூடத்தில் தட்டில் வைத்துப் பார்த்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஐரோப்பாவில் யூஜினால், ஜெரானியால், தைமால் மூன்றையும் சேர்த்துத் திராட்சையின் சாம்பல்நிற அழுகலுக்கு முறையாகப் பதிவு செய்த மருந்தே இருக்கிறது. எனவே வெறும் பேச்சு இல்லை.

ஆனால் அந்த மருந்தை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எண்ணெயை அப்படியே அடிக்கவில்லை. ஈஸ்ட் செல்லின் வெற்று ஓட்டுக்குள் அடைத்து, ஈரம் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும்படி வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் அடித்த சில மணி நேரத்தில் ஆவியாகிப் போய்விடும். ஆவியாவதுதான் இந்த எண்ணெய்களின் பலமும் பலவீனமும். ஓமத்தைத் திறந்த பாத்திரத்தில் கொதிக்க வைத்துக் கஷாயம் அடிப்பவர்கள் தைமாலை நீராவியோடு ஊருக்கு அனுப்பிவிட்டு மிச்சத் தண்ணீரை அடிக்கிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கிராம்பெண்ணெயை வெளிநாட்டில் இயற்கைக் களைக்கொல்லியாகவே விற்கிறார்கள், பச்சை இலையைக் கருக்கும். பூசணத்தைக் கொல்லும் அளவுக்கும் பூவைக் கருக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மாம்பூவில் இதை அடிக்கவே கூடாது என்பேன். எண்ணெய் தண்ணீரில் கலக்காது, சரியாகக் கரையாமல் ஒரு துளி திட்டாக விழுந்தால் அந்த இடம் போச்சு.

பெட்டிக்குள் ஆவியாகப் பயன்படுத்துவது நியாயமான யோசனை, காகிதத்தில் நனைத்து ஒரு மூலையில் வைப்பது மாதிரி, காயில் நேராகப் படாமல். ஆனால் வாசனை ஒட்டும். இமாம்பசந்து வாங்குகிறவர் அந்த மணத்துக்காகத்தான் அந்த விலை கொடுக்கிறார், திறந்தால் ஓம வாடை வந்தால் ஒப்புக்கொள்வாரா? முதலில் உங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி வைத்துப் பாருங்கள்.

பூண்டு: இதில் வேலை செய்வது அல்லிசின். முழுப் பூண்டில் அது இல்லை, நசுக்கும்போது ஒரு நொதி வேலை செய்து உண்டாவது. கொதிக்க வைத்தால் நொதி செத்துவிடும், அல்லிசின் உண்டாகவே உண்டாகாது. பச்சையாக நசுக்கி, சில நிமிடம் விட்டு, வடிகட்டி அன்றே அடித்தால்தான் அர்த்தம், நாள்கணக்கில் வைத்தால் சிதைந்துவிடும். இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் பூச்சியை விரட்டப் பயன்படலாம், மழைக்காலத்தில் பூவைக் காக்க அதை நம்ப முடியாது.

மஞ்சள்: குர்குமின் தண்ணீரில் கரைவதே இல்லை, வெளிச்சத்தில் சிதையும். மஞ்சள் தண்ணீரில் முக்கினால் காய்க்கு நிறம் ஏறும், அவ்வளவுதான்.

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், கைட்டோசான். இறால் ஓட்டுக் கைட்டினிலிருந்து எடுப்பது. வெறும் தண்ணீரில் கரையாது, வினிகர் மாதிரி லேசான அமிலத்தில் கரையும். பறித்த காயில் மெல்லிய படலமாகப் பூசினால் பூசணத்தையும் தடுக்கும், ஈரப்பதம் இழப்பதையும் குறைக்கும், வாசனையும் இல்லை. கெட்டியாகப் பூசினால் காய் மூச்சு விட முடியாமல் உள்ளே புளிப்பு வாடை வரும், எனவே மெல்லிசாக. இறால் ஓட்டிலிருந்து வருவது என்பதைச் சைவ வாடிக்கையாளர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.


பேக்ஹவுஸ் எழுதியது:

பறித்த பிறகு செய்ய வேண்டியதில் வெந்நீரை யாரும் சொல்லவில்லையே. பூசணம் தோலின் மேல்மட்டத்தில்தான் இருக்கிறது என்று இலைப்புள்ளி அண்ணா சொன்னார் இல்லையா, அதனால்தான் வெந்நீர் கேட்கிறது. சூடு சதைக்குள் ஆழமாக இறங்கும் முன் தோலில் இருக்கும் பூசணம் செத்துவிடும். 52 டிகிரி என்றால் 10 நிமிடம், 55 டிகிரி என்றால் 5 நிமிடம். பறித்த அன்றே செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் பலன் குறையும். எடுத்ததும் சாதாரணத் தண்ணீரில் குளிரவிட்டு, நிழலில் மின்விசிறி போட்டுத் தோல் முழுக்கக் காய்ந்த பிறகுதான் அடுக்க வேண்டும்.

கையை விட்டுப் பார்த்துச் சூடு கணிக்கிற வேலை இதில் ஆகாது. வெப்பமானி கட்டாயம். காயைக் கொட்டியதும் தண்ணீர் மளமளவென்று ஆறும், அதனால் தண்ணீர் தாராளமாக இருக்க வேண்டும், கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், அளவு இறங்கினால் சூடேற்ற வழி இருக்க வேண்டும். 50-க்குக் கீழே போனால் பூசணம் பிழைத்துக்கொள்ளும், 55-ஐத் தாண்டினால் தோல் வேகும். முற்றாத காயைப் போட்டால் தோல் திட்டுத் திட்டாக நிறம் மாறும், உள்ளே மாவு மாதிரி நிற்கும். ஏற்றுமதிக்கு 48 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்கிறார்களே, அது பழ ஈக்கு, அதையும் இதையும் குழப்ப வேண்டாம்.

ஒரு வரம்பு உண்டு. காம்பைச் சுற்றிப் பழுப்பாக ஆரம்பித்துக் கீழே பரவுகிற அழுகல் இருந்தால் அது வேறு பூசணம், காம்புத் திசுவுக்குள்ளேயே குடியிருப்பது, வெந்நீர் அங்கே அவ்வளவாகப் போய்ச் சேராது. அதோடு வெந்நீர் எந்தக் காவலையும் விட்டுவிட்டுப் போகாது, முக்கி எடுத்த காயை அழுக்குக் கூடையில் போட்டால் மறுபடி முதலிலிருந்து. கூடை, கிரேட் பெட்டி எல்லாவற்றையும் கழுவி வெயிலில் காயவைத்துப் பயன்படுத்துங்கள். எலுமிச்சைப்புல் சொன்ன கைட்டோசான் பூசுவதாக இருந்தால் வெந்நீருக்குப் பிறகு, காய் ஆறிய பின் பூசலாம், இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

கார்பைடு கல் வைக்க மாட்டீர்கள் என்று தெரியும், சட்டப்படி அதற்குத் தடை. ஆனால் எத்திலீன் கொடுத்து அவசரமாகப் பழுக்க வைத்தாலும், மேலே சொன்ன மாதிரி, பூசணத்துக்கும் அது அழைப்புதான். வெந்நீர் கொடுத்த பிறகு எத்திலீன் கொடுங்கள், முன்னால் வேண்டாம்.


இலைப்புள்ளி எழுதியது:

பேக்ஹவுஸ் சொன்னதற்கு முழு ஆதரவு. உங்கள் மாதிரி நேரடி விற்பனை செய்பவர்களுக்கு இதைவிட மலிவான, எச்சமே இல்லாத வழி கிடையாது.

அந்த மூலிகை பாட்டில் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் 1968-ஆம் வருடப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பூசணக்கொல்லி என்று விற்கும் எதற்கும் பதிவு எண் வேண்டும், செயல்படும் பொருளின் பெயரும் சதவீதமும் லேபிளில் இருக்க வேண்டும். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூசணம், சூடோமோனாஸ், வேம்பு மருந்துகளுக்கும் இது பொருந்தும். உள்ளே என்ன என்று எழுதாத பாட்டிலில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், அதைவிட மோசமாக ரசாயனமே கலந்திருக்கலாம். நீங்கள் ரசாயனம் படாத பழம் என்று வாக்குக் கொடுத்து விற்கிறீர்கள், யாரோ ஒருவருடைய பாட்டில் உங்கள் வாக்கைப் பொய்யாக்கிவிடக் கூடாது.

இயற்கையில் பிறந்த பொருள் என்றால் எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கும் என்று நினைப்பதும் சரியில்லை. இன்று கடையில் விற்கும் அசாக்ஸிஸ்ட்ரோபின் என்ற ரசாயனப் பூசணக்கொல்லி எங்கிருந்து வந்தது? பைன் மரக் காயின் மேல் முளைக்கும் ஒரு சின்னக் காளான், பக்கத்தில் வேறு பூசணத்தை வளரவிடாமல் விடும் ஸ்ட்ரோபிலூரின் என்ற பொருளிலிருந்து. 1977-ல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். வெயிலில் உடனே சிதைந்துவிட்டது, அதனால் வேதியியலாளர்கள் அதன் அமைப்பை மாற்றி வெயில் தாங்கும்படி செய்தார்கள், 1996-ல் விற்பனைக்கு வந்தது. சில வருடத்திலேயே பல பூசணங்கள் ஒரே ஒரு மரபணு மாற்றத்தால் அதற்கு அசையாமல் நின்றன. நெல் குலைநோய்க்கு அடிக்கும் கசுகாமைசின்கூட ஜப்பானில் ஒரு கோயில் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து வந்ததுதான், அதற்கும் எதிர்ப்பு வந்துவிட்டது.

மாங்காய் அப்படி ஒற்றைப் பொருளை நம்பி நிற்பதில்லை. தோலில் ரிசார்சினால், காலோடானின், பாலில் கைட்டினேஸ், மேலே மெழுகு, தோலின் அமிலத்தன்மை எல்லாம் சேர்ந்து நிற்கின்றன. நாமும் கவாத்து, சூடோமோனாஸ், பால் நிற்கும் அறுவடை, வெந்நீர் என்று பல இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தடுப்பதுதான் நிலைக்கும். ஒற்றைப் பாட்டில் கேட்டு அலைய வேண்டாம்.


பர்கூர் மாந்தோப்பு எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அறுவடை முடிந்ததும் கவாத்து, அக்டோபரிலிருந்து சூடோமோனாஸ் என்று வைத்துக்கொள்கிறேன். கத்தி வைத்த பறிப்புத் தடி வாங்கிவிடுவேன். வெந்நீர்த் தொட்டிக்குப் பழைய பால் கேன் குளிர்விக்கும் தொட்டி ஒன்று கிடைக்கிறது, சூடேற்றி மட்டும் பொருத்த வேண்டும். எஃப்பி 7 எங்கே நம்பி வாங்குவது? இங்கே கடையில் வெறும் சூடோமோனாஸ் என்றுதான் இருக்கிறது.


நத்தம் தோட்டம் எழுதியது:

கடையில் அலையாதீர்கள் தம்பி. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பயிர் நோயியல் துறையிடம் கேளுங்கள். உங்களுக்குப் பையூர் ஆராய்ச்சி நிலையமும் எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையமும் பக்கம், முன்கூட்டியே சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்களா என்று விசாரியுங்கள். எஃப்பி 7 கிடைக்காவிட்டால் பதிவு எண்ணும் புதிய தேதியும் உள்ள சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். செப்டம்பரிலேயே கேட்டு வைத்துவிடுங்கள், பூ எடுக்கும்போது எல்லாரும் ஒரே சமயத்தில் கேட்பார்கள்.

அப்புறம், தோப்பு முழுக்க ஒரேயடியாக இறங்க வேண்டாம். ஒரு வரிசை மரத்தை எதுவும் செய்யாமல் விட்டு, அதன் காயைத் தனியாகப் பழுக்க வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் மழை இல்லாத வருடத்தில் தானாகவே நோய் குறைந்ததை மருந்தின் பலன் என்று எழுதி வைத்துக்கொள்வோம்.